வாய்தா

பூவரம்பு மலையில் நேரி மொழிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த அன்று சாயங்காலம், மாலையும் மேளமும் சர்க்கரைப் பொங்கலும் முடிந்து சனங்கள் கலைந்தபோது, கோர்ட்டுக் கூடத்தின் வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று புருஷன் கோரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த இச்சியின் பேச்சு பாதி வாக்கியத்தில் அறுந்துபோனது. உதடு அசைந்தது, நாக்கு புரண்டது, மூச்சும் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. என்ன என்று கோரன் கேட்டான். அவன் கேள்வியிலும் சத்தம் வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் படியிறங்கிக்கொண்டிருந்த நேரிக் கூட்டம் முழுவதும், அடுப்பிலிருந்து இறக்கிய உலை கொதி அடங்குவதுபோல, ஒவ்வொருவராக அடங்கியது.

பொங்கலில் ஏதோ கோளாறு என்று சிலர் நினைத்தார்கள். தொண்டையைத் தடவிக்கொண்டே மலைப் பஸ்ஸில் ஏறினார்கள்.

"என்னம்மா இது, சவுண்டு போன சினிமா மாதிரி ஆளாளுக்கு வாயை ஆட்டிக்கிட்டிருக்கீங்க? டிக்கெட் எங்க?" என்றான் கண்டக்டர்.

"காவல்மேடு ரெண்டு" என்றாள் இச்சி. அது தமிழ். கணீரென்று வந்தது.

அப்போதுதான் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. இருமல் கேட்டது, சிரிப்பு கேட்டது, அழுகை கேட்டது, தமிழ் கேட்டது. நேரி மட்டும் கேட்கவில்லை. ஆட்களின் பெயர்கூட நேரியாக இருந்தால் கேட்கவில்லை; அதனால் அன்றிலிருந்து மலையில் எல்லோரும் ஒருவரையொருவர் ரேஷன் கார்டுப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டார்கள். இச்சி இந்திராணி ஆனாள், கோரன் குமார் ஆனான்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. காட்டைக் காப்புக்காடு ஆக்கியபோதும் இப்படித்தான் நடந்திருந்தது. மரம் நின்ற இடத்திலேயே நின்றது, தேனடை தொங்கிய பாறையிலேயே தொங்கியது, ஆனால் நேரியர்கள் உள்ளே போகக் கூடாது என்று ஆனது. அதற்கு முன்பு நேரியில் இல்லாத ஒரு சொல் அப்போதுதான் பிறந்தது. 'கொந்தி' என்பது அந்தச் சொல். இருக்கிறது, ஆனால் நமக்கில்லை என்று அர்த்தம்.

இந்தச் சட்டமும் வானத்திலிருந்து விழவில்லை. இச்சிதான் கேட்டு வாங்கினாள். நேரியில் 'ஆமா' என்றால், நீ சொன்னது என் காதில் விழுந்தது என்று பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் அப்பா பெள்ளனைக் கூண்டில் ஏற்றி, காப்புக்காட்டுக்குள் போனாயா என்று கேட்டார்கள், ஆமா என்றார். மரத்தை வெட்டினாயா என்று கேட்டார்கள், ஆமா என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள், அதுவும் காதில் விழுந்தது, ஆமா என்றார். சமவெளி ஜெயிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இச்சி படித்தாள். நேரியர்களில் முதல்முதலாகக் காலேஜ் முடித்தாள். பிறகு எந்த அதிகாரி மலையேறி வந்தாலும் அவர் ஜீப்புக்கு முன்னால் போய் நின்று, எங்கள் சனங்கள் எங்கள் மொழியில் பதில் சொல்ல ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்பாள்.

கடைசியில் ஒரு துறைச் செயலாளர் காது கொடுத்தார். நல்ல மனுஷர். பாதுகாப்பு விழாவில் கோர்ட்டுக் கூடத்தில் நின்று அவர் பேசினார்: "நான் பயிற்சிக்காக வேல்ஸ் நாட்டுக்குப் போயிருந்தேன். அந்த மொழி கோர்ட்டுக்குள்ள நுழையக் கூடாதுன்னு இங்கிலாந்து ராஜா ஒருத்தர் சட்டம் போட்டிருந்தாரு. நானூறு வருஷம் அந்தச் சனங்க தங்களுக்குப் புரியாத பாஷையில தண்டனை வாங்கினாங்க. விட்டாங்களா? விடலை. கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்னிக்கு அங்கே தார் ரோட்டுல 'மெதுவாப் போ'ன்னு அவங்க மொழியிலயும் எழுதியிருக்கு. அதைப் பார்த்துட்டு வந்துதான் இதை எழுதினேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். இச்சியும் தட்டினாள். மேடைக்குப் பின்னால் புதுப் பலகை மாட்டியிருந்தது. மேல் வரி தமிழ்: 'நேரி – காப்பு மொழி.' கீழ் வரியை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு இச்சியுடையது. காப்பு என்பதற்கு நேரியில் என்ன என்று அவள் தானாக எதையும் எழுதிவிடவில்லை. எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுச் செய்கிறவள். வீடு வீடாகப் போய், "அரசாங்கம் ஒண்ணைக் காப்பாத்துறதுக்கு நாம என்ன சொல்லுவோம்?" என்று கேட்டாள். ஒருவர் விடாமல் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அதையே எழுதிக் கொடுத்தாள். 'நேரி கொந்தி.'

சட்டம் தமிழில் என்ன சொன்னது என்று நேரி மொழிக்கு எப்படித் தெரியும்? அது தன் வரியைத்தான் வாசித்தது. வாசித்தபடி நடந்துகொண்டது.

இச்சி செயலாளருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கோர்ட்டுல கேக்குதாம்மா?"

"கேக்குது சார். கோர்ட்டு நடக்கிறப்போ கூடத்துக்குள்ள நல்லாக் கேக்குது. ஜட்ஜம்மா எழுந்து போயிட்டா நின்னுடுது."

"அப்ப சட்டம் வேலை செய்யுது. சட்டத்துல கூடம்னுதானே இருக்கு?"

"வீட்டுல கேக்கலை சார்."

"வீட்டை நாம சட்டத்துல சேர்க்கலையேம்மா. வீட்டுக்குள்ள அரசாங்கம் தலையிட்டா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காது சார் என்று இச்சி சொன்னாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு மலை தன்னை மாற்றிக்கொண்டது. பெரும்பாலோருக்குத் தெரிந்த தமிழ் சந்தைக்குத்தான் போதும்; வீட்டுக்குள் உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். விளக்கு இல்லாத வீட்டில் பேச்சும் இல்லாமல் போனது. முதுகைக் காட்டி நிற்கிறவனோடு சண்டை போட முடியாமல் போனது. பள்ளத்தின் ஓரத்துக்கு ஓடுகிற, தமிழ் தெரியாத பிள்ளையைக் கூப்பிட்டு எச்சரிக்க முடியாமல், கல்லைத் தூக்கிப் பாறையில் அடித்துத் திருப்பினார்கள். சத்தம் போட்டுப் பேசியே தீர வேண்டும் என்று வந்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

அண்ணன் தம்பிமேல் ஆட்டுக்காகப் பிராது கொடுத்தான். கூண்டில் ஏறியதும் ஆட்டை விட்டுவிட்டு, செத்துப்போன அம்மாவைப் பற்றி இருவரும் மத்தியானம்வரை பேசி அழுதார்கள். ஒரு பெண், இவன் என்னை முறைத்துப் பார்த்தான் என்று ஒரு பையன்மேல் புகார் கொடுத்தாள். பையன் எழுந்து, எந்த ஓடைக்கரையில், எந்த மழைக்கு ஒதுங்கியபோது, எப்படிப் பார்த்தேன் என்று நேரியில் சொல்லச் சொல்லக் கூடமே தலைகுனிந்து சிரித்தது. கோர்ட்டின் மொழிபெயர்ப்பாளராக இச்சியைத்தான் நியமித்திருந்தார்கள். அவள் எழுந்து, "எதிரி, வாதியின் கண்களைப் பார்த்ததாக ஒப்புக்கொள்கிறார், இனியும் பார்க்கப்போவதாகக் கூறுகிறார்" என்றாள். அடுத்த மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது, ஊமைக் கல்யாணமாக.

சாமியும் வழக்குக்கு வந்தது. கோயில் சாமி சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள் என்று ஒரு வக்கீல் சொல்லிக்கொடுக்க, நேரியர்கள் தங்கள் மலைக்கல்லைத் துணியில் சுற்றித் தூக்கிவந்து வாதியாக நிறுத்தினார்கள். பூசாரிமேல் சாமி இறங்கி, தமிழ் தெரியாத நான் இத்தனை நாள் உங்கள் உதட்டைப் பார்த்து என்ன வரம் கொடுப்பேன் என்று கேட்டுக் கூடம் அதிரக் கத்தியது. நடுவர் ஞானசவுந்தரி, சிவகாசிப் பக்கத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வாதி கொஞ்சம் மெதுவாப் பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

எல்லா வழக்கிலும் கடைசியில் ஒரே வேண்டுகோள்தான். வாய்தா. வழக்கு முடிந்துவிட்டால் பேச்சும் முடிந்துவிடும். தள்ளிவைத்தால் இன்னொரு நாள் உண்டு.

பெயர்களைக் கூவி அழைக்கிற டவாலி தங்கமுடி சிரிப்பான்: "ஊர் உலகத்துல வாய்தா போட்டா ஜட்ஜைத் திட்டுவாங்க. உங்க சனங்கதான் கையைக் கூப்பிக்கிட்டு வாய் தா, வாய் தான்னு நிக்கிறீங்க."

இச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. நேரி வழக்குகள் மலைபோல் பெருகிவிட்டன, மொழி செழித்துவிட்டது என்று மாவட்டத்துக்குக் கேடயம் வந்தபோது, மற்றவர்களோடு நின்று அதற்கும் கைதட்டினாள்.

பார்க்கப்போனால், மலையிலேயே தினம் சத்தமாக நேரி பேசியவள் அவள் ஒருத்திதான். ஆனால் சொந்தமாக ஒரு சொல் பேசியதில்லை. மற்றவர் சொன்னதை மட்டும் சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். சத்தியத்தை மீறியதில்லை. அடுத்தவன் கோபத்தை, அடுத்தவள் காதலை, சாமியின் பசியைத் தன் வாயால் சொல்லிவிட்டு, சாயங்காலம் வாசற்படியைத் தாண்டி, தன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் கிலுகி இருந்தாள்.

சட்டம் வந்த அன்று இச்சியின் வயிற்றில் இருந்தவள் அவள். அதற்குப் பிறகு மலையில் பிறந்த முதல் பிள்ளை. கிலுகி என்றால் மழைக்கு முன்னால் கத்துகிற குருவி. அந்தப் பெயரை ஒருநாளும் யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். தொட்டிலில் கிடந்தவளைப் பார்த்து இச்சி பாடினாள், உதடு பாடியது. கோரன் காட்டுக் கதை சொன்னான், உதடு சொன்னது. பிள்ளை கண்ணை இமைக்காமல் அந்த உதடுகளையே பார்த்து வளர்ந்தது. பேசுகிற வயது வந்ததும் பேசியது. சத்தமில்லாமல் பேசியது. சிரித்தால் கேட்கும், அழுதால் கேட்கும். பேச்சு என்பது உதட்டால் செய்கிற காரியம் என்று அது முடிவு செய்துவிட்டிருந்தது. இச்சிக்கு அந்த உதட்டைப் படிக்கத் தெரியும். அந்தச் சின்ன வாயில் முழு முழு வாக்கியமாக நேரி ஓடிக்கொண்டிருந்தது.

டவுன் டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்த்தார். "காது நல்லாருக்கும்மா. வீட்டுல தமிழ்லயே பேசிப் பழக்குங்க. எதுக்கு ரெண்டு மொழி?"

பழக்கினாள். பிள்ளை தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டது. பதிலுக்கு உதட்டை அசைத்தது. தமிழ் அதற்கு வெளியிலிருந்து வருகிற ஒன்று, மழைபோல, பஸ்போல. தன் வாயிலிருந்து சத்தம் வரவேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. கோரன் முயற்சி செய்து பார்த்து விட்டுவிட்டான். "எனக்குத் தெரிஞ்சது சந்தைத் தமிழ். அதுல புள்ளைய வளத்தா வெலை பேச மட்டும்தான் கத்துக்கும்" என்றான்.

கிலுகிக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தன. வாசலில் கூடி, தலையாட்டி, கையை ஆட்டி, ஒரு சத்தமில்லாமல் விளையாடின. தாய்மார்கள் வந்து இச்சியைப் பார்த்தார்கள்; சட்டம் வாங்கிவந்தவள் நீதானே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இச்சிக்கு இருந்தது.

ஒரு நினைப்புதான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. கோர்ட்டு நடக்கும்போது பிள்ளையைக் கூடத்துக்குள் கொண்டுபோனால், அதன் உதட்டில் இருப்பதெல்லாம் சத்தமாக வரும். ஒருமுறை தன் குரலைக் கேட்டுவிட்டால், சத்தம் என்பது வாயில் இருக்கிற பொருள் என்று அதற்குத் தெரிந்துவிடும். பிறகு தமிழிலாவது பேசும், எதிலாவது பேசும். ஆனால் வாதி, எதிரி, சாட்சி தவிர சின்னப் பிள்ளைகள் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது விதி. இச்சி விதியை மீறத் தெரியாதவள். கொஞ்சம் பெரியவளாகட்டும், ஏதாவது ஒரு வழக்கில் சேர்த்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். அவளும் ஒரு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சித்திரையில் உத்தரவு வந்தது. மலைக் கோர்ட்டில் வழக்கு நிரம்பி வழிவதால், கோடை விடுமுறைக்குப் பிறகு அது அடிவாரத்துப் பெரிய கோர்ட்டோடு சேர்க்கப்படும். பூவரம்புக் கூடம் மூடப்படும். இச்சி மறுபடி போன் போட்டாள். செயலாளர் மாறிப்போயிருந்தார். புதியவர் சொன்னார்: "சட்டத்துல பூவரம்புக் கூடம்னு பேர் போட்டில்ல இருக்கு? புதுக் கூடத்துக்குத் தனியாத் திருத்தம் கொண்டுவரணும். பரிசீலனையில இருக்கும்மா."

"எப்ப வரும் சார்?"

"வேல்ஸ்ல எத்தனை வருஷம் ஆச்சு?" என்று, பழைய ஃபைலைப் படித்திருந்த அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அன்று மத்தியானம் அடுப்பங்கரை வெளிச்சத்தில் இச்சியும் கோரனும் எதிரெதிரே உட்கார்ந்து உதட்டால் பேசினார்கள். புதுப் பிராதுகள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று இச்சி சொன்னாள். கையும் களவுமாகப் பிடிபட்ட வழக்குகளை மட்டும் கடைசி நாளில் எடுப்பார்களாம்.

அப்ப பிடிபடுறேன், என்றான் கோரன்.

இச்சி அவன் வாயைப் பொத்தினாள். சத்தமே இல்லாத வாயைப் பொத்தியது அவளுக்கே வேடிக்கையாக இருந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். உள்ளே போயிருவே, என்றாள். எங்கப்பன் போன ஜெயிலு அது.

அவன் அவள் கையை விலக்கினான். உங்கப்பன் பேச முடியாமப் போனாரு. நான் என் புள்ளையப் பேச வச்சிட்டுப் போறேன்.

மறுநாள் அவன் கிலுகியைத் தோளில் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், காப்புக்காட்டு வேலியைத் தாண்டி, பாறைத் தேனடைக்குப் புகை போட்டான். புகையைப் பார்த்து ஃபாரஸ்ட் கார்டு ஓடிவரும்வரை உட்கார்ந்து காத்திருந்தான். "அறிவிருக்காடா உனக்கு? ஓடக்கூடவா தோணலை?" என்று கார்டே பதறிப்போய்க் கேட்டான். கோரன் தேன் டப்பாவை அவனிடம் நீட்டினான்.

கடைசி நாளன்று கூடம் கொள்ளவில்லை. நேரியர்கள் சன்னலிலும் சுவரோரத்திலும் நெருங்கி நின்று, கோர்ட்டு நடக்கும்போதே மெல்லிய குரலில் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். தங்கமுடி "சைலன்ஸ்" என்று சொல்ல வாயெடுத்து, மனசு வராமல் விட்டுவிட்டான். கோரனின் வழக்கு மத்தியானத்துக்கு மேல் வந்தது. கார்டு சாட்சி சொன்னான், டப்பாவைக் காட்டினான்.

நடுவர் ஞானசவுந்தரி கேட்டார்: "காப்புக்காட்டுக்குள்ள போய்த் தேன் எடுத்ததா உன்மேல குத்தம் சாட்டியிருக்கு. புரியுதா?"

இச்சி அதை நேரியில் சொன்னாள். கோரன், "ஆமா" என்றான்.

அரசு வக்கீல் எழுந்தார். "ஒப்புக்கிட்டாரு அம்மா. எழுதிக்கலாம்."

"காதில் விழுந்தது என்கிறார்," என்றாள் இச்சி. "குத்தத்தை ஒப்புக்கிறதா இல்லையான்னு அவரு இன்னும் சொல்லலை அம்மா."

நடுவர் அதைக் குறித்துக்கொண்டார். "சரி. உன் தரப்புல சாட்சி இருக்கா?"

"இருக்கு. என் மக," என்றான் கோரன் கூண்டிலிருந்து.

"உங்க குடும்பத்து வழக்குக்கு நீங்களே மொழிபெயர்க்கக் கூடாதே, இச்சி?" என்றார் நடுவர்.

"வேற ஆள் இல்லை அம்மா."

"தெரியும். சொன்னதை மட்டும் சொல்லணும்."

"இதுவரைக்கும் அப்படித்தான் அம்மா சொல்லியிருக்கேன்."

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை வாசற்படிக்கு உள்ளே இறக்கிவிட்டாள். எதிரிலேயே நின்றாலும் மூன்று முறை கூப்பிடுவதுதான் கோர்ட்டு வழக்கம். தங்கமுடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவினான்: "சாட்சி கிலுகீ... கிலுகீ... கிலுகீ..."

பிறந்ததிலிருந்து அந்தப் பெயர் சத்தமாக ஒலித்தது அதுவே முதல் முறை. பிள்ளை மேலே மின்விசிறியைப் பார்த்தது, தங்கமுடியின் சிவப்புப் பட்டையைப் பார்த்தது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடியது.

சின்னப் பிள்ளை சாட்சி சொல்ல வந்தால், அதற்குப் புரிகிறதா என்று நடுவர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். "உன் பேரு என்ன, கண்ணு?" என்று ஞானசவுந்தரி கேட்டார்.

இச்சி குனிந்து, மகளின் முகத்துக்கு நேராக, அந்தக் கேள்வியை நேரியில் கேட்டாள்.

கிலுகி அம்மாவின் வாயையே பார்த்தாள். கையை நீட்டி அம்மாவின் தொண்டையைத் தொட்டாள். பிறகு அவள் உதடு அசைந்தது, எப்போதும் அசைவதுபோலத்தான், ஆனால் இந்தமுறை அதிலிருந்து ஒரு குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பான, புழங்காத குரல். தன் குரலுக்கே பயந்து வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவில் சிரித்தாள்.

"என்ன சொல்றா?" என்றார் நடுவர்.

இச்சி நிமிர்ந்து நின்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "சாட்சி சொல்கிறாள்: அம்மா, உன் வாய்க்குச் சத்தம் வந்துவிட்டதா?"

டைப் அடிக்கிறவர் அதை அடித்தார். சுவரோரத்தில் நின்ற தாய்மார்களில் ஒருத்தி விம்மியது கேட்டது.

அதன்பிறகு பிள்ளையை நிறுத்த முடியவில்லை. உதட்டில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்ததுபோல் வந்தது. கோழி குஞ்சு பொரித்தது, வாசலில் பாம்பு போனது, அப்பாவின் தோளிலிருந்து பார்த்தால் மலை சின்னதாகத் தெரிவது, எல்லாம் வந்தது. இச்சி ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள்.

அரசு வக்கீல் நடுவில் கேட்டார்: "தேனை எடுத்தது யாரு பாப்பா?"

இச்சி கேள்வியை நேரியில் சொன்னாள். கிலுகி கூண்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். அப்பாதான் எடுத்தாரு, புகை போட்டு எடுத்தாரு, எனக்கு விரல்ல வச்சாரு, இனிச்சுது, இன்னும் வேணும், என்றாள்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் யாருக்கும் நேரி தெரியாது. இச்சி எதைச் சொன்னாலும் அதுவே சாட்சி. தெரியவில்லை என்கிறாள் என்றால் போதும். கார்டின் சொல் மட்டும்தான் மிஞ்சும்; கோரன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடவும் கூடும். சுவரோரத்தில் நின்ற அத்தனை நேரியர்களும் அவள் வாயைப் பார்த்தார்கள், வீட்டில் பார்ப்பதுபோல. அவள் கோரனைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல் அவன் லேசாகத் தலையசைத்தான். பிள்ளை முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னதை இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. அவள் அப்பா பெள்ளன் சொல்லாததைச் சொன்னதாக எழுதிக்கொண்டது இதே கூடத்தில்தான்.

"'அப்பாதான் எடுத்தார். புகை போட்டு எடுத்தார். எனக்கு விரலில் வைத்தார். இனித்தது. இன்னும் வேண்டும்.'" ஒரு சொல்லும் குறையவில்லை. அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

சன்னல் வெயில் மஞ்சளாகி, சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. கோர்ட்டு எழவேண்டிய நேரம் கடந்துவிட்டது. நடுவர் தீர்ப்பைச் சொல்லி, நாற்காலியை விட்டு எழுந்தால், கூடம் மூடும். எல்லோருக்கும் அது தெரியும். அதனால் யாரும் அசையவில்லை. ஞானசவுந்தரி பேனாவை எடுத்தார், வைத்தார். "சாட்சி சொல்லி முடிக்காம எழ முடியாது," என்றார் பொதுவாக. பிறகு குனிந்து, "இன்னும் சொல்ல ஏதாவது இருக்கா, கண்ணு?"

இச்சி கேட்டாள். இருக்கு, என்றாள் கிலுகி. சொன்னாள். அது முடிந்ததும் இச்சி, பிறகு, என்று கேட்டாள். யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை. கூடத்துக்குள் அவள் நேரியில் சொந்தமாகச் சொன்ன முதல் சொல் அது. பிறகு? என்று மறுபடி கேட்டாள். அப்புறம்? அந்தக் கோழி என்ன ஆச்சு? பாம்பு எங்கே போச்சு? அரசு வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். நடுவர் கண்ணாலேயே அவரை உட்காரச் சொன்னார். பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்லச் சொற்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. அது காலையிலிருந்து விழித்திருந்த பிள்ளை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இச்சி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு? என்றாள், கெஞ்சினாள், காதுக்குள் கேட்டாள். பிறகு, கிலுகி? பிறகு?

கிலுகி அம்மாவின் கழுத்தில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். சுவரோரத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

இச்சி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"என்ன சொல்றா?" என்றார் நடுவர்.

"சாட்சி..." இச்சியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "சாட்சி பாட்டுக் கேட்கிறாள் அம்மா. தொட்டில்ல நான் வாயை அசைச்சுப் பாடின பாட்டு. அதைச் சத்தமாப் பாடுன்னு கேக்கிறா."

பாடினால் பிள்ளை தூங்கிவிடும். பிள்ளை தூங்கினால் சாட்சி முடிந்தது, வழக்கு முடிந்தது, கோரன் போலீஸ் வேனில் ஏறுவான், நடுவர் எழுவார், நேரி என்ற மொழி இந்த உலகத்தில் இனி எந்தச் சுவருக்குள்ளும் கேட்காது. தாய்மார்கள் இச்சியைப் பார்த்தார்கள். சாமியைச் சுமந்துவந்த பூசாரி பார்த்தார். ஓடைக்கரையில் கண்ணைப் பார்த்த பையனும் அவன் பெண்டாட்டியும் பார்த்தார்கள். பாடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

"வாய்தா கொடுங்க அம்மா," என்றாள் இச்சி.

"யாரு கேக்கிறது? எதிரியா, சாட்சியா?"

"நான் கேக்கிறேன்."

வாய்தா, வாய்தா என்று சுவரோரம் முழுவதும் முணுமுணுத்தது. கைகள் கூப்பியிருந்தன. தங்கமுடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்கு இந்தக் கோர்ட்டு இல்லையே, இச்சி," என்றார் ஞானசவுந்தரி. "எந்த நாளுக்கு நான் போடுறது?" கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "பாடும்மா. பாட்டு முடியிற வரைக்கும் வாய்தா."

அது நான்கே அடி உள்ள பாட்டு. அங்கே இருந்த நேரியர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

இச்சி பாடினாள். ஒவ்வொரு அடியையும் எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள். இரண்டாவது அடியில் கிலுகியின் கை அம்மாவின் தொண்டையைத் தேடிவந்து அதன்மேல் படிந்தது. மூன்றாவதில் அவள் கண் செருகியது. நான்காவது அடியின் கடைசிச் சொல்லில் இச்சி மூச்சு தீரும்வரை நின்றாள், தீர்ந்தது, நிறுத்தினாள்.

அப்போது கூண்டுக்குள்ளிருந்து கோரன், அந்தப் பாட்டில் இல்லாத, எந்தத் தொட்டிலும் கேட்டிராத ஐந்தாவது அடியைப் பாடினான். பாறையில் தேன் சொட்டுவதைப் பற்றிய அடி. நடுவர், என்ன பாடுகிறான் என்பதுபோல் இச்சியைப் பார்த்தார். இச்சி மொழிபெயர்த்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சன்னலோரத்திலிருந்து ஒருத்தி ஆறாவதைத் தொடங்கியிருந்தாள்.

சன்னல் வெயில் சுவரின் உச்சிக்குப் போயிருந்தது. தோளில் பிள்ளையின் மூச்சு சூடாக, சீராக வந்தது. கண் முழுதாக மூடவில்லை. இமைக்குக் கீழே ஒரு நூல் வெள்ளை இன்னும் தெரிந்தது. இச்சி அதையே பார்த்துக்கொண்டு அடுத்த அடிக்காகக் காத்து நின்றாள்.